பிரசவத்திற்குப் பின் “கெட்ட இரத்தம்” போவது நல்லதுதானா?

“மனைவிக்கு எட்டு மாதம். மூத்த பிள்ளை பிறந்தபோது நிறைய இரத்தம் போனது. கெட்ட இரத்தம் போனால்தான் உடம்பு தேறும் என்று அம்மா சொல்கிறார். அது சரியா?” என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை, தம்பி. இந்த ஒரு வாக்கியத்தை நம்பிக் காத்திருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை நானும் அரை மணி நேரம் நம்பினேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் 28 ஆண்டுகள் மருத்துவிச்சியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்; மருத்துவர் அல்லள். நீங்கள் கொழும்பில் வேலை செய்கிறீர்கள், மனைவி லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) உங்கள் அம்மாவோடு இருக்கிறார் என்றே எண்ணிக்கொள்கிறேன்.

பிள்ளை பிறந்து நச்சுக்கொடி கழன்றதும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லீற்றர் அளவுக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கும். கருப்பை இறுகிச் சுருங்கி அந்தக் குழாய்களை நெரித்தால்தான் அது நிற்கும். சுருங்காமல் தளர்ந்து கிடந்தால், வைத்தியம் இல்லாதபோது இரண்டு மணி நேரத்திற்குள் உயிர் போய்விடக்கூடும். அந்த இரத்தத்தில் கெட்டது, நல்லது என்று எதுவும் இல்லை. சில வாரங்களுக்குச் சிறிது சிறிதாகப் போவது இயல்பு; பிரசவமானதும் அரை லீற்றருக்கு மேல் போனால் அது ஆபத்து.

1993ஆம் ஆண்டு ஒரு தாய் இப்படித்தான் போனாள். மாமியார் “போகட்டும்மா” என்றார், நானும் புதியவள், துணியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பிறகு லொறிக்கு அனுமதி வாங்க ஒருவர் மாறி ஒருவராகத் தேடி அலைந்து, அது வந்து சேர்ந்தபோது அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே தண்ணீர் கேட்டாள். அந்தக் கொட்டாவி, இரத்தம் வெகுவாக இழந்ததன் அடையாளம் என்று அன்று எனக்குத் தெரியாது. பிள்ளைத்தாய் வலியில் துடிக்கும்போது கொழுந்து ஏற்றிய லொறி முதலில் தொழிற்சாலைக்குத்தான் போக வேண்டும் என்று வைத்திருந்த ஒழுங்கை, முப்பது ஆண்டுகள் கழிந்தும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

1996இல், நாடெங்கும் நீண்ட மின்வெட்டு இருந்த காலத்தில், மேல்கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) ஒரு தாய்க்கு நான்காவது பிரசவம். நான் மழையில் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்து, நச்சுக்கொடியும் விழுந்துவிட்டது. பழைய சேலையை மூன்றாக மடித்துத் தாயின் கீழே போட்டிருந்தார்கள். மேலே பார்த்தால் கைக்குட்டை அளவு ஈரம்தான் தெரிந்தது, தூக்கினால் கீழே விரித்த சாக்குவரைக்கும் ஊறியிருந்தது. வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குக் கீழே உரித்த தேங்காய் போலக் கையில் தட்டுப்பட வேண்டிய கருப்பை, ரொட்டிக்குப் பிசைந்த மாவு போல அமுங்கியது. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஒக்சிடோசின் ஊசி மருந்தைக் குளிரில் வைத்திருக்க வேண்டும். எங்கள் மருந்துச் சாலையின் குளிர்ப்பெட்டியோ பல நாட்களாக வெதுவெதுப்பாகவே கிடந்தது.

கையைத் தவிர என்னிடம் வேறெதுவும் இல்லை. முதலில் அவளைச் சிறுநீர் கழிக்க வைத்தேன், ஏனெனில் நிறைந்த சிறுநீர்ப்பை கருப்பையைச் சுருங்க விடாது. பிள்ளையை மார்பில் போட்டுப் பால் குடிக்க விட்டு, அடிவயிற்றை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சற்று நேரத்தில் உள்ளங்கைக்குக் கீழே அது திரண்டு கெட்டியானது. பிறகு கொழுந்து லொறியின் தட்டில் ஒரு மணி நாற்பது நிமிடப் பயணம். முடக்குக்கு முடக்கு கை விலகும், விலகிய உடனே அது மீண்டும் தளரும், மீண்டும் தேய்ப்பேன். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள், பிழைத்தாள்.

அதன் பிறகு பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) தாய்மாரைக் கூட்டும்போதெல்லாம், பீட்றூட் அவித்த தண்ணீரை அரைப் போத்தல் அளந்து பழைய சேலையில் ஊற்றிக் காட்டுவேன். “இவ்வளவுதானா?” என்று எல்லாருமே கேட்பார்கள். கண் எப்போதும் குறைத்தே கணக்கிடும். கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது: அளவுக் கோடு போட்ட விரிப்பில் இரத்தத்தைப் பிடித்து அளந்து, மிகுந்தால் தேய்த்தல், ஊசி, இரத்தக்கசிவை நிறுத்தும் மருந்து, சேலைன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுத்தபோது, கடுமையான இரத்தப்போக்கும் அதனால் வரும் கேடுகளும் 60 சதவீதம் குறைந்தன. இரத்தக்கசிவை நிறுத்தும் அந்த டிரனெக்ஸாமிக் அமிலத்தைப் பிரசவமாகி மூன்று மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும்.

“இப்போது யார் வீட்டில் பிள்ளை பெறுகிறார்கள், பழங்கதை பேசுகிறீர்கள்” என்று சிலர் எழுதக்கூடும். உண்மைதான், நம் நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன, அப்படித்தான் நடக்கவும் வேண்டும். நான் சொன்னதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் வைத்துப் பார்க்கத் துணியக் கூடாது. ஆனால் தாய் ஓரிரு நாளில் லயத்திற்குத் திரும்பிவிடுகிறாள், ஆபத்தான இரத்தப்போக்கு அதற்குப் பின்னும் பல வாரங்கள் வரை வரலாம். அப்போது பக்கத்தில் இருப்பது அம்மாவும் அந்த நம்பிக்கையும்தான். அம்மாவைக் குறை சொல்லவும் வேண்டாம். அவருக்கு அவருடைய அம்மா சொன்னது அது.

உங்கள் மனைவிக்கு முன்பே நிறைய இரத்தம் போயிருப்பதால் இம்முறையும் போக வாய்ப்பு அதிகம். கிளினிக்கில் அதைச் சொல்லி, கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுத வையுங்கள். இரத்தம் ஏற்றும் வசதியும் விசேட வைத்தியரும் உள்ள ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரத்தசோகை இருந்தால் சிறிதளவு இழப்பையும் உடம்பு தாங்காது. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவது நம்மவர் வழக்கம். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேர விடாது, ஆகவே வெறும் தண்ணீரில் குடிக்கச் சொல்லுங்கள், தேத்தண்ணியை ஓரிரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

வீடு திரும்பிய பின், ஒரு மணி நேரத்திற்குள் ஒரு துணி முழுவதும் நனைந்தாலோ, பெரிய இரத்தக் கட்டிகள் விழுந்தாலோ, தலை சுற்றினாலோ விடியும்வரை இருக்க வேண்டாம், அம்புலன்ஸ் எண்ணான 1990க்கு அழையுங்கள். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாத கொடுமையால் வண்டி தடுமாறும், ஆகவே தோட்டத்தின் பெயர், கணக்கு, பக்கத்துக் கோயில் ஆகியவற்றைச் சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு வீதிக்கு அனுப்புங்கள்.

லீவு கேட்கும்போது பிரசவத்திற்கு மட்டும் கேட்காமல், அவர் வீடு திரும்பும் வாரத்திற்கும் சேர்த்துக் கேளுங்கள். அம்மாவிடம் இதையெல்லாம் நீங்களே சொல்லுங்கள், மருமகள் சொன்னால் எடுபடாது.