வேதிப் பொறியியல் படிக்கும் மகன் மீட்புப் பணிக்குப் போகலாமா?

மதிப்பிற்குரிய அம்மா,

வேதிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் பேரிடர் மீட்புத் தன்னார்வலராகச் சேர விரும்புகிறான் என்றும், படிப்பு கெட்டுவிடுமோ, உயிருக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று தூக்கமின்றித் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தம்பியைத் தடுக்க வேண்டாம். ஆனால் பயிற்சி பெறாமல் களத்தில் இறங்கவும் விட வேண்டாம்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் இருட்டில் வீடுகளை விட்டு ஓடியது தண்டையார்பேட்டையில் இருக்கும் உங்களுக்கு மறந்திருக்காது. அம்மோனியா காற்றைவிட இலேசானது என்று பாடநூல் சொல்லும். ஆயினும் ஈரக்காற்றில் அது தரையோடு படரக்கூடும் என்பதையும், நீரில் எளிதில் கரைவதால் நனைத்த துணியால் மூக்கை மூடிக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக விலக வேண்டும் என்பதையும் அந்நேரத்தில் தெருவுக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். வேதிப் பொறியியல் படித்த பிள்ளையைவிட அதற்குப் பொருத்தமானவர் யார்?

இது சம்பள வேலையன்று. அரசு வேலைக்குக் குறுக்குவழியுமன்று. ஆனால் 1984 போபால் நச்சுவாயுத் துயரத்துக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் அபாயகரமான ஆலைகளுக்கு அவசரகாலத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. மணலி ஆலைகளில் பாதுகாப்புப் பிரிவு வேலைக்குப் போகிறவனுக்கு இந்தப் பயிற்சி வீண்போகாது. எடுத்துக்காட்டாக, முதலுதவியில் இதயம் நின்றவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்திலேயே கை ஓய்ந்து அழுத்தம் குறைவதால் ஆள் மாற்ற வேண்டும். தன் கை ஓய்வதை உணர்ந்து அடுத்தவனை அழைக்கப் பழகியவன், ஆலையிலும் தனியாளாகத் துணிய மாட்டான்.

18 வயது நிறைந்துவிட்டதால் குடிமைப் பாதுகாப்பு அமைப்பை அணுகலாம். பேரிடர்த் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கும் 'ஆப்த மித்ரா' திட்டத்தின் பயிற்சி 12 நாள். அதைப் பருவத் தேர்வுக்கு முன் வைத்துக்கொள்ள வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். நீச்சல் தெரியும் வரை வெள்ள நீரில் இறங்குவதில்லை என்று உங்களிடம் வாக்குக் கொடுக்கட்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். என்றேனும் ஓர் உயிரைக் காப்பாற்ற முடியாமல் அவன் திரும்பி வருவான். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அன்று "நான் அப்போதே சொன்னேனே" என்று சொல்லிவிடாதீர்கள். சோற்றைச் சூடுபடுத்தி வைத்து, அவனாகப் பேசும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பல நாள் பேசாமலேயே இருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம். அவசரத்தில் அழைக்க வேண்டிய எண்ணை நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள்.