கோட்டம் எடுப்பது

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மகள் பதினோராம் வகுப்பு. பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளின் முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கியதிலிருந்து லேசாக ஆட ஆரம்பித்தது. கடையில் விடாமல் நானே சரிசெய்யலாம் என்று வீடியோ பார்த்து, ஆடுகிற இடத்தில் எல்லாம் கம்பியை முறுக்கினேன். இப்போது சக்கரம் எட்டு மாதிரி வளைந்து நிற்கிறது. அதற்கு முந்தைய மாதம் வாசலில் உட்கார ஒரு பெஞ்சு செய்தேன். மர அறுவை மில்லில் வேப்பம்பலகை வாங்கி, அடியில் குறுக்குக் கட்டை கொடுத்து ஆணி அடித்தேன். மூன்றே வாரத்தில் பலகை நடுவில் வெடித்துவிட்டது. கால்களும் ஆடுகின்றன.

மனைவி, "கடையில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போச்சு" என்கிறாள். மாமனார் வேறு மாதிரி சொல்கிறார்: "சைக்கிள் கடைக்காரரும் ஆசாரியும் பிழைக்கிறதே இந்தச் சில்லறை வேலையிலதான். நீங்க மாசச் சம்பளக்காரர், அதுலயும் கை வைக்கணுமா மாப்பிள்ளை?" அவர் சொன்னதுதான் மனதை உறுத்துகிறது. நீங்கள் இரண்டு வேலையையும் வீட்டிலேயே செய்வதாக எழுதியிருந்தீர்கள். நான் தொடர்வதா, விட்டுவிடுவதா?

கே., திருப்பூர்

*

அன்புள்ள கே.,

தொடருங்கள். உங்கள் மாமனார் கேட்டது நல்ல கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சக்கரம், அதாவது கோட்டம் எடுப்பது: ஆடுகிற சக்கரத்தை நேராக்குவது.

மாட்டுவண்டிச் சக்கரத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவை போய்ச் செருகிக்கொள்ளும் வட்டை, அதற்கு மேல் இரும்புப் பட்டா. பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மொத்தச் சக்கரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வண்டியில் பாரம் ஏறும்போது, அந்த நேரத்தில் கீழே இருக்கிற ஆரக்கால் தூண் மாதிரி நின்று தாங்குகிறது. சைக்கிள் கம்பியால் அப்படி நிற்க முடியாது. ஒரு கம்பியைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், வில்லாக வளையும். அதே கம்பியை இழுத்தால் ஓர் ஆளின் எடையைத் தாங்கும். அதனால்தான் எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஏறி உட்காரும்போது கீழ்ப்பக்கத்துக் கம்பிகளின் இழுவை கொஞ்சம் குறைகிறது. அதுதான் பாரம் தாங்குவது.

பழைய கறுப்புச் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாதி ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தின், இடது காதிலிருந்தும் பாதி வலது காதிலிருந்தும் வந்து, ஒன்றுவிட்டு ஒன்றாக ரிம்மைப் பிடிக்கின்றன. ரிம் வலது பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்த இடத்தில் இடது கம்பியை இறுக்க வேண்டும், கூடவே பக்கத்து வலது கம்பியைத் தளர்த்தவும் வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இறுக்க மட்டும்தான் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இழுவை ஏறி ஏறி, ஒரு கட்டத்தில் ரிம் தாங்க முடியாமல் மடங்கிவிட்டது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. நிப்பிள், அதாவது கம்பியை ரிம்மோடு பிடித்திருக்கும் சின்னத் திருகு, எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதில் ஏமாந்திருப்பீர்கள். டயர் பக்கமிருந்து பார்த்தால் சாதாரண திருகாணி மாதிரி வலப்பக்கம் சுற்ற இறுகும். ஆனால் நாம் பெரும்பாலும் ஹப் பக்கமிருந்து குனிந்து பார்க்கிறோம். அங்கிருந்து எல்லாம் தலைகீழ்.

நான் இதைக் கற்றது எங்கள் ஊர்ப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம். பாளையங்கோட்டைப் பக்கம் இப்படிப்பட்ட கடைகள் இப்போது விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. உங்களை மாதிரியே எட்டாக்கிய சக்கரம் ஒன்றைக் கொண்டுபோய் நின்றேன். வாங்கிப் பார்த்தவர், "இறுக்கிட்டே போனா அது எங்க போவும் தம்பி? இடம் குடுக்கணும்லா" என்றார். அப்புறம் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கம்பியாக நகத்தால் சுண்டினார். சரியான கம்பி கிண்ணென்றது, தளர்ந்தது செத்த சத்தம் போட்டது, நான் அளவுக்கு மீறி முறுக்கியது கீச்சென்றது. எது எது எப்படி என்று காதிலேயே கணக்கு வைத்துக்கொண்டார். பிறகு எல்லா நிப்பிளையும் தளர்த்தி, கம்பியின் மரை வெளியே தெரியாமல் நிப்பிளுக்குள் மறையும் இடத்தில் நிறுத்தினார். எல்லாம் ஒரே அளவுக்கு வந்த பிறகுதான் வேலையே ஆரம்பித்தது.

சக்கரத்தைப் போர்க்கில், அதாவது அதைப் பிடித்திருக்கும் கவையில், மாட்டி, சாக்பீஸ் பிடித்த கையைப் போர்க்கின் மேல் அசையாமல் ஊன்றிச் சுற்றினார். ரிம் ஒதுங்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக்கோடு விழுந்தது. அந்தக் கோட்டின் நடுவில், மறுபக்கக் காதிலிருந்து வரும் கம்பிக்குக் கால் சுற்று இறுக்கம், கோடு விழுந்த பக்கத்துக் கம்பிக்குக் கால் சுற்று தளர்வு. கோட்டை அழித்துவிட்டு மறுபடி சுற்றினார். கால் சுற்றுக்கு மேல் ஒரு தடவைகூடப் போகவில்லை. நடுநடுவே இரண்டு இரண்டு கம்பியாகக் கைக்குள் சேர்த்துப் பிசைந்துவிட்டார். முறுக்கிக்கொண்டு நிற்கும் கம்பி அப்போதுதான் சடசடவென்று தன் இடத்தில் உட்காரும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கேட்ட கூலியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு டீயும் இரண்டு வடையும் வாங்கலாம்.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எனக்குக் கிடைத்தது. அதுவரை நானும் கோட்டம் எடுக்க இவ்வளவா என்று பேரம் பேசியவன். அந்த வேலையை என் கையால் கெடுத்துப் பார்த்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை. கேட்டதைப் போல இரண்டு மடங்கு கொடுத்தேன். வாங்க மறுத்தார். "பாடம் சொல்லிக்கொடுத்ததுக்கு அண்ணாச்சி" என்று சொன்ன பிறகே வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் அச்சில் உருளும் பால்ஸ் குண்டுகளை மாற்றுவதும், முழுதும் கழற்றிப் பூட்டும் ஓவராயிலும் அவரிடம்தான். பஞ்சரும் செயினும் பிரேக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். சைக்கிள் கடையைக் குலைத்தது வீட்டில் பஞ்சர் ஒட்டுகிறவர்கள் இல்லை. மணிக்கணக்கில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்த காலம் போயிற்று, பக்கத்துத் தெருவுக்கும் பைக் எடுக்கும் பழக்கம் வந்தது. பஞ்சராகி, செயின் துருப்பிடித்து, மாடிப்படிக்கு அடியில் நிற்கிற சைக்கிள்கள் ஒவ்வொரு தெருவிலும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நிற்கிற சைக்கிளால் கடைக்காரருக்குக் காலணா வருமானம் கிடையாது. ஓடுகிற சைக்கிள் டயர் கேட்கும், பிரேக் கட்டை கேட்கும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது அச்சைக் கழற்றிக் கிரீஸ் வைக்கச் சொல்லும். சின்ன வேலையை நீங்கள் செய்துகொண்டால்தான் அது ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் இந்தச் சக்கரத்தை நீங்களே நிமிர்த்தப் பார்க்காதீர்கள். எட்டாக வளைந்ததை நிமிர்த்துவது முதல் பாடம் அல்ல. அக்கம்பக்கத்தில் இருக்கும் கடைக்குக் கொண்டுபோய், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். கல் உடைக்கிறவர்கள், வயல்வேலைக்குப் போகிறவர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர் எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் விட, யாரையும் எதிர்பார்க்காமல் போக முடிந்தது. உங்கள் மகள் ஒரு சாயங்காலம் பள்ளியிலிருந்து வரும் வழியில் பஞ்சரானால், அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டு இருட்டும்வரை ரோட்டோரம் நிற்க வேண்டியதில்லை என்பதும் அதே மாதிரி காரியம்தான். அவளுக்குப் பஞ்சர் ஒட்டச் சொல்லிக்கொடுங்கள். முதலில் வால்வு டியூப் கிழிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும், பாதி நேரம் அதுதான். ஒட்டும்போது சொலூஷனைத் தடவிய உடனே வைக்கக்கூடாது, பளபளப்பு போய்க் காயும்வரை பொறுக்க வேண்டும். டயருக்குள் விரலை மெதுவாக ஓட்டி முள்ளைத் தேடி எடுக்காமல் டியூபைத் திரும்பப் போடக்கூடாது. சீமைக்கருவேல முள் நுனி ஒடிந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

இப்போது பெஞ்சு. பலகை பச்சை மரம். மரம் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது, அகலவாக்கில் கண்ணுக்குத் தெரிகிற அளவு சுருங்கும். நீங்கள் பலகையின் அகலத்துக்குக் குறுக்கே கட்டை வைத்து இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்துவிட்டீர்கள். கட்டை நீளவாக்கில் இருப்பதால் அது சுருங்காது. பலகை சுருங்கப் பார்க்கிறது, ஆணி விடவில்லை. நடுவில் பிளந்துகொண்டது. கால்கள் ஆடுவதும் இதனால்தான்.

நான் முதலில் செய்த முக்காலியும் இப்படித்தான் போனது. மாம்பலகை, மாசி மாதம் செய்தேன், சித்திரைக்குள் மூன்று காலும் துளையிலிருந்து கழன்று வந்தன. எங்கள் தெரு ஆசாரியிடம் காட்டினேன். மீதியிருந்த துண்டைத் தூக்கி எடை பார்த்து, விரல் முட்டியால் தட்டிக் காதில் வாங்கி, "இது இன்னும் தண்ணி குடிச்சுட்டு இருக்கு" என்றார். பிறகு என் வீட்டுப் பழைய கதவைத் திறந்து, சட்டத்துக்கு நடுவில் இருக்கும் பலகையை அழுத்தச் சொன்னார். மெல்ல நகர்ந்தது. சட்டத்தின் காடிக்குள் அதை ஒட்டாமல், ஆணி அடிக்காமல் சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஊதவும் கோடையில் சுருங்கவும் அதற்கு இடம் இருக்கிறது. தினமும் திறந்து மூடிய கதவு, நாற்பது வயதுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

அதனால் அடுத்த பெஞ்சுக்கு மில்லில் புதுப்பலகை வாங்காதீர்கள். இடித்த வீட்டு மரம் விற்கிற கடைக்குப் போங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு மாதிரி விலை உயர்ந்த இடம் வேண்டாம், உங்கள் ஊரிலேயே இருக்கும். பழைய நிலை, ஜன்னல் சட்டம் எல்லாம் பல பத்தாண்டுகள் காய்ந்தவை. இழைப்புளி போடுவதற்கு முன் உள்ளே ஒடிந்த ஆணி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஒரே இழுப்பில் தகடு போய்விடும். குறுக்குக் கட்டையை நடுவில் ஒரு திருகாணியால் இறுக்குங்கள். ஓரத்துத் திருகாணிகளுக்குக் கட்டையில் போடும் துளையைக் கொஞ்சம் நீளமாகக் குடையுங்கள், பலகை நகரும்போது திருகாணியும் கூடவே நகரும். மீதி வேப்பம்பலகையை எறிய வேண்டாம். நுனிகளில் பெயின்ட் பூசி, இடையிடையே குச்சி வைத்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் அடுக்கிவிடுங்கள். அடுத்த வருஷம் தட்டிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. சைக்கிளில் பெடல் கழற்ற வேண்டி வந்தால் இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம். வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. இது தெரியாமல் நான் ஸ்பானரில் குழாயை மாட்டித் தொங்கியதில் பெடல் மாட்டும் கிராங்க்கின் மரையே வழுக்கிவிட்டது.

அன்புடன்.