பெல்லட் அடுப்பு: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

உறைபனி இறங்கத் தொடங்கியதும் பெல்லட் அடுப்பு பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். பெல்லட் என்றால் மரத்தூள் போன்றதை அழுத்திச் செய்த சின்னக் குச்சி. அதை எரித்து அறையைச் சூடாக்கும், கரண்டில் ஓடும் அடுப்புதான் இது. ஊட்டியில் அடுப்பு மாட்டுவதும் புகைக்குழாய் சுத்தம் செய்வதும்தான் என் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து: அண்ணா, கீழே கோயம்புத்தூரில் பாய்லருக்குப் போடும் பெல்லட் மலிவாகக் கிடைக்கிறது. அதையே வீட்டு அடுப்பில் போடலாமா?

வேண்டாம். வீட்டு அடுப்புகள் பெரும்பாலும் 6 மி.மீ. தடிமனுள்ள பெல்லட்டுக்குச் செய்தவை. பாய்லர் பெல்லட் 8 மி.மீ., 10 மி.மீ. என்று வரும், தொட்டியிலிருந்து பெல்லட்டைத் தள்ளும் திருகு அதில் சிக்கிக்கொள்ளும்.

அளவு ஒத்துப்போனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாய்லர் பெல்லட்டில் கடலைத்தோல், உமி எல்லாம் கலந்திருக்கும். நல்ல மரத்தூள் பெல்லட் 10 கிலோ எரிந்தால் 100 கிராம் சாம்பல்கூடத் தேறாது. உமியில் சாம்பலே 15 முதல் 20 சதவீதம். உமியும் தோலும் கலந்த பெல்லட்டின் சாம்பல் சூட்டில் இளகி, பெல்லட் எரிகிற கிண்ணத்தின் அடியில் கல் மாதிரி இறுகும். காற்றுத் துளைகள் அடைபட்டால் தீ மந்தமாகி, புகையும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் கூடும்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலு பெல்லட்டைப் போடுங்கள். அழுத்திச் செய்த நல்ல பெல்லட் உடனே மூழ்கும். சில நிமிடத்தில் உப்பி உதிர்ந்துவிடும். அந்தத் தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். மரத்தூள் மெத்தென்று இருக்கும். உமி இருந்தால் மஞ்சள் செதில்களாகக் கண்ணுக்கே தெரியும். பசை வாடை அடித்தால் அது பிளைவுட் கழிவு. அந்தப் புகை விஷம், மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து: மழைக்கு முன்னால் வாங்கி வைத்த மூட்டை நமுத்துப் போயிருக்கிறது. வெயிலில் காயவைத்தால் சரியாகுமா அண்ணா?

ஆகாதுங்க. மரத்திலேயே இருக்கும் லிக்னின் சூட்டிலும் அழுத்தத்திலும் இளகிப் பிடித்துக்கொள்வதால்தான் பெல்லட் கெட்டியாக நிற்கிறது. ஒருமுறை உப்பிவிட்டால் காய்ந்தாலும் தூள்தான். அந்தத் தூள் திருகை அடைக்கும். மாட்டுக் கொட்டகையில் பரப்பிவிடுங்கள். இனி வாங்கினால், ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருப்பதாகப் பார்த்து வாங்கி, மூடியுள்ள டிரம்மில் போட்டு, தரையிலிருந்து உயர்த்தி, சுவரைத் தொடாமல் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். நம் ஊர் மேகம் ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடும்.

கொடைக்கானலிலிருந்து, ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு அக்கா: குழாய் வைக்காமலே அறைக்குள் வைக்கிற சின்ன பெல்லட் அடுப்பு ஒன்றைக் காட்டுகிறார்கள். புகையே வராது என்கிறார்கள். விருந்தினர் அறைக்கு வாங்கலாமா?

அக்கா, தயவுசெய்து வாங்காதீர்கள். கண்ணுக்குப் புகை தெரியாவிட்டால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கும். குளிரும் பயணக் களைப்பும் என்று நினைத்து விருந்தினர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். தூக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை மலையில் இருக்கிற நாம் எத்தனை தடவை படித்துவிட்டோம்! பெல்லட்டும் எரிகிற மரம்தான். புகை வெளியே போகக் குழாய், எரிவதற்கு வெளிக்காற்று, அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம், இந்த மூன்றும் இல்லாமல் எந்த அடுப்பையும் தூங்கும் அறையில் வைக்கக்கூடாது. முடியாதென்றால் ஆயில் ஹீட்டரும் நல்ல கம்பளியும் கொடுங்கள். அது போதும்.

லவ்டேலிலிருந்து: சார், அடுப்பு புதிது, பெல்லட்டும் நல்லதுதான். ஆனாலும் அடுப்புக் கதவுக் கண்ணாடி ஒரே ராத்திரியில் கறுத்துவிடுகிறது.

தீயைப் பாருங்கள். நல்ல தீ வெளிர் மஞ்சளாக, குட்டையாக, துடிப்பாக நிற்கும். உங்களுடையது ஆரஞ்சு நிறத்தில் உயரமாக அசைந்து, நுனியில் கருக்கிறதா? அப்படியானால் காற்று போதவில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லேசு. தீக்குக் காற்று தரும் விசிறியின் வேகம் கீழே சரியாக இருந்தாலும் இங்கே பத்தாது. நிறைய மாடல்களில் உயரத்துக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு உண்டு. மாட்டியவர் அதைத் தொடாமலே போயிருப்பார். கையேட்டைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். அதோடு, அடுப்பு ஆறியிருக்கும்போது கதவு விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால், கதவு இடுக்கை அடைக்கும் கேஸ்கட் கயிற்றை மாற்ற வேண்டும்.

குன்னூரிலிருந்து: பழைய பங்களா, பெரிய கணப்பு இருக்கிறது. அதன் புகைபோக்கியிலேயே குழாயை விட்டுவிடலாமா?

அப்படியே விடக்கூடாது. அகலமான கல் புகைபோக்கியில் புகை ஆறி மேலே ஏறாமல் நின்றுவிடும். உள்ளே ஸ்டீல் குழாயை உச்சி வரை இறக்குங்கள். அதற்கு முன் குருவிக்கூட்டை எடுத்துவிடுங்கள்.

மஞ்சூரிலிருந்து: இங்கே காற்றடித்தாலே கரண்ட் போகிறது. அடுப்பு எரியும்போது போனால் என்ன செய்வது?

கிண்ணத்தில் இருக்கிற பெல்லட் கனிந்துகொண்டே இருக்கும், புகையை இழுக்கும் விசிறி நின்றிருக்கும். அடுப்புக் கதவைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு ஆறும் வரை காத்திருங்கள். குழாய் சுவரை விட்டு வெளியே வந்ததும் ஒன்றிரண்டு மீட்டர் நேராக மேலே ஏறினால், விசிறி இல்லாவிட்டாலும் புகை தானாகவே போகும். இன்வெர்ட்டர் வைப்பது நல்லது. சைன் வேவ் வகையாகப் பாருங்கள். பற்றவைக்கும் சில நிமிடம் 300 வாட்டுக்கு மேல் இழுக்கும், அப்புறம் குறைந்துவிடும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: பட்டனை அழுத்தியும் பற்றவில்லை. கொஞ்சம் மண்ணெண்ணெய் விடலாமா?

கூடவே கூடாது! திரும்பத் திரும்ப பட்டனை அழுத்துவதும் அதே அளவு ஆபத்து. ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தில் பெல்லட் குவியும். புகைந்து வாயு நிறையும். கடைசியில் பற்றும்போது கண்ணாடியே தெறிக்கலாம். ஆற விடுங்கள், கிண்ணத்தைக் காலி செய்யுங்கள், துளைகளைக் குத்திவிடுங்கள், பிறகு ஒரே ஒரு தடவை முயலுங்கள். எடுத்த பெல்லட்டைத் தொட்டியில் திரும்பக் கொட்டாதீர்கள். ஒரு கனல் இருந்தாலும் தொட்டியே பற்றிக்கொள்ளும்.

கோத்தகிரியிலிருந்து: சாம்பலைத் தேயிலைக்குப் போடலாமா?

தேயிலைக்கு வேண்டாம். அது புளிப்பு மண்ணை விரும்பும் செடி, சாம்பல் அந்தப் புளிப்பைக் குறைத்துவிடும். முட்டைக்கோஸ், பூண்டுப் பாத்திக்குக் கொஞ்சமாகத் தூவலாம். ஆனால் சூடு போனதாகத் தெரிந்தாலும் உள்ளே கனல் நாள் கணக்கில் இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே கல் தரையில் மூன்று நாளாவது வைத்துவிட்டு, அப்புறம் பாத்திக்குக் கொண்டு போங்கள்.