யாரைத் தொடக்கூடாது?

ஐயா, வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். மாமா (அக்காவின் கணவர்) இறந்த பிறகு என் அக்கா ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். இருபது பேர் இருப்பார்கள், எந்தச் சபையோடும் சேராதவர்கள். இப்போது அக்கா கோயிலுக்கு வருவதில்லை. கிறிஸ்துமஸுக்கு அம்மாவைப் பார்க்கவும் வரவில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார், அதைப் போடுவது அவிசுவாசமாம். மாந்தோப்பு ஒரு ஏக்கரைக் காணிக்கையாக எழுதித் தரப்போவதாகவும் பேச்சு. கேட்டால், “அபிஷேகம் பெற்றவரைத் தொட்டால் சாபம், அனனியாவுக்கு என்ன ஆச்சு தெரியுமா?” என்கிறார். ராத்திரியில் தூங்குவதில்லை. அந்த ஊழியக்காரரிடம் இரண்டு முறை போய்ச் சண்டை போட்டேன். அதிலிருந்து அக்கா என் போனை எடுப்பதே இல்லை. வசனத்துக்கு வசனம் எப்படிப் பதில் சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வசனத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் மாத்திரை. தோப்பு போனால் வழக்குப் போட்டாவது பார்க்கலாம், கால் போனால் போனதுதான். கென்யாவில் ஷாகஹோலா காட்டில் 2023இல் நானூறுக்கும் மேற்பட்ட சடலங்களைத் தோண்டி எடுத்தார்கள். பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று ஒரு போதகர் சொன்னதை நம்பியவர்கள். அங்கேயும் பேச்சு ஆரம்பித்தது பள்ளிக்கூடம் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்பதில்தான். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, அந்த வேலையை உங்கள் ஊர் ஊழியக்காரர் செய்துகொண்டிருக்கிறார். மாத்திரையைத் தள்ளிப்போட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே உங்கள் மாவட்டத்தில், சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வந்து மாத்திரை தருகிறார்கள். உங்கள் ஊருக்கு வரும் பெண்ணிடம் அக்காவின் நிலையைச் சொல்லி வையுங்கள். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கலாம். வாசலில் வந்து நிற்கும் தெரிந்த முகத்தைத் திருப்பி அனுப்ப அவ்வளவு சுலபமாக மனசு வராது.

சரி, வசனம். நான் கிறிஸ்தவன் அல்ல. தர்மபுரியில் விடுதியில் தங்கிப் படித்தபோது அந்தப் பழைய தமிழுக்காகவே பைபிளைப் படித்தவன். உங்கள் கோயிலில் ‘திருப்பாடல்’ என்பார்கள், இவர்களிடம் அது ‘சங்கீதம்’. அங்கே ‘அருள்பொழிவு’, இங்கே ‘அபிஷேகம்’; கடவுள் ஒருவரைத் தம் வேலைக்கென்று குறித்துவைப்பது. கிரயம், தூஷணம், சாபத்தீடு என்று அந்தத் தமிழுக்கே ஒரு கனம் உண்டு. நள்ளிரவில் படித்தால் முதுகு சில்லிடும். அக்காவின் பயத்தில் பாதி இந்த மொழியின் வேலையோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

“நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்...” என்பது 105ஆம் சங்கீதம், 15ஆம் வசனம். மூன்று வசனம் மேலே போனால் அங்கே யார் நிற்கிறார்கள் என்று தெரியும். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. “சொற்ப ஜனங்களும் பரதேசிகளும்” என்கிறது பாட்டு. சொந்தமாக ஒரு காணி இல்லாமல் ஊர் ஊராக அலைந்தவர்கள். அவர்களை ஒடுக்காதீர்கள் என்று கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொள்கிறார். நாதியற்றவனைத் தொடாதே என்று அதிகாரத்தில் இருப்பவனிடம் சொன்ன வார்த்தை அது. உங்கள் ஊரில் என்ன நடக்கிறது? தோப்பைக் கேட்கிறவர் அதே வசனத்தை எடுத்து, கணவனை இழந்த பெண்ணிடம் ‘என்னைத் தொடாதே’ என்கிறார். ராஜாவுக்குப் போட்ட பூட்டை ராஜாவே பிடுங்கி விதவை வீட்டில் மாட்டிய கதை.

அனனியா கதையும் அப்படித்தான். அப்போஸ்தலர் 5ஆம் அதிகாரம். நிலத்தை விற்ற விலையில் ஒரு பங்கை ஒளித்து வைத்துவிட்டு முழுசும் இதுதான் என்று காட்டியதால் அவன் அங்கேயே விழுந்து செத்தான். கொடுக்காததற்காக அல்ல. இயேசுவின் சீடர் பேதுருவே அவனிடம் சொல்கிறார்: “அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ? அதை விற்றபின்பும் அதின் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ?” நிலம் உன்னுடையது, பணமும் உன்னுடையது. கூட்டங்களில் பிணம் விழுகிற இடத்தை மட்டும் சத்தமாக வாசிப்பார்கள். அதற்கு முந்தின வசனமான இதை வாசித்தால் தோப்பு கைக்கு வராது.

இதையெல்லாம் அக்காவிடம் போய்ச் சொல்லாதீர்கள். உங்களுக்காகத்தான் சொன்னேன்.

மத்தேயு 10:36இல் “ஒரு மனுஷனுக்குச் சத்துருக்கள் அவன் வீட்டாரே” என்று இருக்கிறது. இந்த மாதிரிக் கூட்டங்களில் இதை முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். தம்பி வருவான், கத்துவான், அம்மா அழுவாள், இதுதான் அடையாளம் என்று. நீங்கள் இரண்டு முறை போய்ச் சண்டை போட்டீர்கள். இரண்டு முறையும் அந்த ஊழியக்காரரின் தீர்க்கதரிசனத்தை நீங்களே நிறைவேற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். இது கோபமாகச் சொல்வதல்ல. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் மூன்றாவது முறை போயிருப்பேன்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு அக்கா வீட்டுக்கு எத்தனை பேர் போனீர்கள்? பதிலை எனக்கு எழுத வேண்டாம். அந்த இருபது பேர் போயிருப்பார்கள், தினமும், பாட்டுப் பாடிக்கொண்டு. அவர் போனது வேதத்துக்காக இல்லை, அந்தச் சாயங்காலங்களுக்காக. பயம் பிறகுதான் வந்தது.

1999 டிசம்பரில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் கறவை மாட்டை விற்றது. 2000 பிறந்தால் உலகம் முடியும் என்று ஒருவர் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். ஜனவரி வந்தது. உங்கள் ஜெபத்தால் தள்ளிப்போயிருக்கிறது என்றார். அந்த அம்மாள் மாட்டை வாங்கினவரிடமே காசு கொடுத்துப் பால் வாங்கிக்கொண்டு மேலும் மூன்று வருஷம் அதே கூட்டத்துக்குப் போனார். தீர்க்கதரிசி சொன்னது நடக்காவிட்டால் “அவனுக்கு நீ பயப்படவேண்டாம்” என்று உபாகமம் 18ஆம் அதிகாரத்தின் கடைசி வரியிலேயே இருக்கிறது. யாரும் காட்டவில்லையா? காட்டினார்கள். அவருடைய அண்ணன் காட்டினார், அவருக்கு வீட்டுக்குள் வரத் தடை. கடைசியில் அந்த அம்மாள் வெளியே வந்தது பேத்தி பிறந்தபோது. குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் இல்லை என்று மருமகள் கூப்பிட்டாள். போனார், ஞாயிற்றுக்கிழமைகள் தானாகக் கழன்றுவிட்டன.

தோப்பு விஷயம்: அது அக்கா பெயரில் இருந்தால் அவருடைய சொத்துதான், நீங்கள் மிரட்ட முடியாது. ஆனால் மத அதிகாரத்தைக் காட்டி எழுதி வாங்கியதை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவை வைத்து நீதிமன்றத்தில் எதிர்க்க வழி உண்டு. பத்திர ஆபீஸுக்குப் போகும் முன்பே ஒரு வக்கீலைப் பாருங்கள். சத்தமில்லாமல்.

ஞாயிறு அவர்களுக்குக் கூட்ட நாள், திங்கட்கிழமை போங்கள். பைபிள் வேண்டாம், ஊழியக்காரரின் பெயரும் வேண்டாம். பெங்களூரா மாங்காயை இந்த வருஷம் எந்த மண்டிக்குப் போடலாம் என்று அவரிடமே யோசனை கேளுங்கள். அம்மா கிண்டின களியும் கீரைக் கடைசலும் தூக்குவாளியில் கொண்டுபோங்கள். கதவைத் திறக்காவிட்டால் திண்ணையில் வைத்துவிட்டு வாருங்கள். தூக்குவாளியைத் திரும்ப வாங்க இன்னொரு நாள் போக வேண்டியிருக்குமே.