வாசகர் கேள்வி பதில்: இந்த மாதம் தாமஸ் கிராம்வெல்

(போன மாதம் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி பற்றி வந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அவருடைய அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லை "அந்தக் காலத்தின் மிகத் திறமையான நிர்வாகி" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன.)

கேள்வி: கிராம்வெல் ராஜாவின் தலையை வெட்டியவர் என்கிறார் அப்பா. நான் படித்ததில் ராஜாதான் கிராம்வெல்லின் தலையை வெட்டினார் என்று இருக்கிறது. யார் சொல்வது சரி?
தொடக்கக் கல்லூரி மாணவி, தெம்பனிஸ்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் அம்மா, ஆள்தான் வேறு. அப்பா சொல்பவர் ஆலிவர் கிராம்வெல், 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னரின் மரண தண்டனையில் கையெழுத்துப் போட்டவர். நீங்கள் படித்தவர் தாமஸ், அவருக்கு நூறு வருடம் முந்தியவர், 1540 ஜூலை 28 அன்று லண்டன் டவர் ஹில்லில் தலை வெட்டப்பட்டவர். இரண்டு பேருக்கும் உறவும் உண்டு. தாமஸின் உடன்பிறந்தவள் கேத்தரின், மார்கன் வில்லியம்ஸ் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டார். அவர்களுடைய மகன் ரிச்சர்ட், பெரிய பதவியில் இருந்த தாய்மாமன் பெயரையே தன் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். கேத்தரினுக்கு ஆலிவர் எள்ளுப்பேரன். மருமகன் மட்டும் மாமன் பெயரை எடுக்காமல் இருந்திருந்தால் நாம் எல்லாரும் ஆலிவர் வில்லியம்ஸ் என்றுதான் படித்திருப்போம்.

கேள்வி: ஒரு கொல்லன் மகன் எப்படி அவ்வளவு உயரத்துக்குப் போனார்? யார் கைதூக்கிவிட்டது?
பொதுச் சேவை ஊழியர், பீஷான்

தூக்கிவிட்டது கார்டினல் உல்சி, அப்போது மன்னரின் தலைமை அமைச்சராக இருந்த உயர் பாதிரியார். ஆனால் அவர் கண்ணில் படுவதற்கு முன்பே கிராம்வெல் பாதி உலகம் பார்த்துவிட்டார். தேம்ஸ் கரையில் பட்னி என்ற ஊர். அப்பா வால்டர் இரும்படித்தவர், பீரும் காய்ச்சியவர். பையன் இள வயதிலேயே ஊரை விட்டுக் கிளம்பி இத்தாலிக்குப் போனார், அப்புறம் ஆண்ட்வெர்ப் நகரில் துணி வியாபாரிகளோடு இருந்தார், திரும்பி வரும்போது பல மொழியும் வியாபாரக் கணக்கும் கையில் இருந்தன. வக்கீல் வேலையைப் பழகிக்கொண்டு உல்சியிடம் சேர்ந்தார்.

1529-இல் உல்சி மன்னரின் கோபத்துக்கு ஆளாகி விழுந்தார். அந்த வருடம் கிராம்வெல் எழுதிய உயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவி இறந்துவிட்டார். உயிலில் மகன் கிரகரிக்கு இவ்வளவு, மகள் ஆனுக்கு இவ்வளவு, சின்ன மகள் கிரேஸுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறது. பிறகு அந்த இரண்டு பெண்களின் பெயரும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகள் போய்விட்டார்கள். எத்தனையோ ஆயிரம் தாள்களை எழுதி ஒரு நாட்டையே மாற்றிய மனிதர், ஆனால் அந்தக் கோடுகளை நினைத்தால்தான் எனக்கு அவர் ஒரு தகப்பனாகத் தெரிகிறார்.

அதே வருடம் நவம்பர் முதல் தேதி, உல்சி ஒதுங்கியிருந்த ஈஷர் மாளிகையின் பெரிய சன்னலோரம் ஜெபப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கண்ணீர் விட்டு நின்றதை உல்சியின் பணியாளர் ஜார்ஜ் காவெண்டிஷ் பார்த்து எழுதிவைத்தார். அன்றே லண்டனுக்குப் புறப்பட்டார், நாடாளுமன்றத்தில் இடம் பிடித்தார், விழுந்துகிடந்த தன் முதலாளிக்காக அங்கே பேசவும் செய்தார். மற்றவர்கள் உல்சியை விட்டு ஓடிய நேரத்தில் இவர் பேசினார் என்பதை மறக்கக் கூடாது. அந்த விசுவாசம் மன்னர் கண்ணிலும் பட்டது. 1532-இல் நகைக் கருவூல அதிகாரி, 1534-இல் மன்னரின் முதன்மைச் செயலாளர், 1536-இல் அந்தரங்க முத்திரைப் பிரபு. மன்னரின் முதல் திருமணத்தைப் போப் ரத்து செய்ய மறுத்தபோது, போப்பிடம் போகாமலே காரியம் முடிக்க 1533-இலும் 1534-இலும் சட்டங்களை எழுதித் தந்து மன்னரையே திருச்சபைக்குத் தலைவராக்கியதில் இவர் கைதான் பெரியது.

கேள்வி: மடாலயங்களை இடித்து ஆட்களைத் தூக்கில் போட்டவரைப் "திறமையான நிர்வாகி" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈசூன்

ஐயா, நீங்கள் கோபப்பட்டது நியாயம். அந்த ஒரு வரியோடு நான் நிறுத்தியிருக்கக் கூடாது. 1536-க்கும் 1540-க்கும் இடையில் சுமார் 800 மடாலயங்கள் மூடப்பட்டன. அங்கே சோறு கிடைத்த ஏழைகளுக்குப் போக்கிடம் இல்லை. கிராம்வெல் தான் செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்பவர், அந்தத் தாள்கள் இன்னும் இருக்கின்றன. 1539-இல் எழுதிய ஒன்றில், ரெடிங் மடத்தலைவரை ரெடிங்குக்கு அனுப்பி அங்கே விசாரித்துத் தண்டனை நிறைவேற்ற வேண்டும் என்று ஒரு வரி. விசாரணை இன்னும் நடக்கவே இல்லை, முடிவு பட்டியலில் ஏறிவிட்டது. அந்த நவம்பரில் அப்படியே நடந்தது.

சின்ன விஷயத்திலும் அதே அதிகாரம்தான். லண்டனில் தன் வீட்டுத் தோட்டத்தைப் பெரிதாக்க நினைத்தபோது, பக்கத்து நிலங்களுக்குள் 22 அடி வேலியைத் தள்ளிப் போடச் சொன்னார். அங்கே குடியிருந்த ஒருவரின் சிறு வீட்டைத் தரையிலிருந்து பெயர்த்து உருளைகள் மேல் ஏற்றி நகர்த்திவிட்டார்கள், வீட்டுக்காரர் காதுக்குச் செய்தி எட்டும் முன்பே. அவருடைய மகன் ஜான் ஸ்டோ பின்னாளில் லண்டனின் வரலாற்றை எழுதியபோது இதையும் எழுதிவைத்தார். குறைந்துபோன நிலத்துக்கும் முழு வாடகையே கட்ட வேண்டியிருந்தது. எதிர்த்துக் கேட்க ஒருவருக்கும் தைரியம் இல்லை.

கேள்வி: அவர் செய்ததில் இன்றைக்கும் நமக்குப் பயன்படுவது ஏதாவது உண்டா?
இல்லத்தரசி, ஜூரோங் வெஸ்ட்

உண்டு. 1538-இல் அவர் பிறப்பித்த உத்தரவு: ஒவ்வொரு தேவாலயத்திலும் ஒரு பதிவேடு இருக்க வேண்டும், அந்த வாரம் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை தேவாலயக் கண்காணிப்பாளர்கள் முன்னிலையில் எழுத வேண்டும், பதிவேட்டை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்து ஒரு சாவி பாதிரியாரிடமும் ஒரு சாவி கண்காணிப்பாளர்களிடமும் இருக்க வேண்டும், எழுதத் தவறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் அபராதம். புது வரி வரப்போகிறது என்று மக்கள் பயந்தார்கள். ஆனால் பிரபுவின் பிள்ளையும் கூலிக்காரன் பிள்ளையும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்த வரியில் ஏறியது அதில்தான்.

இதன் அருமை எனக்கு வீட்டிலேயே தெரியும். என் தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் சிங்கப்பூர் வந்தவர், பிறந்த தேதி தெரியாது. "ஆடி மாதம், பெரிய புயலுக்கு அடுத்த வருடம்" என்பார். அடையாள அட்டையில் யாரோ ஒருவர் ஜனவரி 1 என்று போட்டுவிட்டார், அதையே கடைசிவரை பிறந்தநாளாக வைத்துக்கொண்டார். இரண்டு பூட்டுப் போட்ட அந்தப் பெட்டியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தா ஞாபகம் வரும்.

கேள்வி: அவ்வளவு செல்வாக்கானவர் எப்படி விழுந்தார்?
உட்லண்ட்ஸ் வாசகர்

ஒரு கல்யாணம். ஜெர்மன் பகுதியான கிளீவ்ஸ் நாட்டு இளவரசி ஆன் என்பவரை மன்னருக்குப் பார்த்து முடித்தவர் இவர். 1540 ஜனவரி 6 கல்யாணம், மன்னருக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை. ஏப்ரலில் எசெக்ஸ் பிரபு பட்டம் கிடைத்தது, ஜூன் 10 அன்று ஆலோசனைக் கூட்டத்துக்குப் போன இடத்தில் கைது. தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தாராம்; பழைய பகையாளியான நார்ஃபோக் பிரபு அவர் கழுத்திலிருந்த விருதைப் பிடுங்கினாராம்.

அவருக்கு விசாரணையே நடக்கவில்லை. நாடாளுமன்றம் சட்டம் போட்டே ஒருவரைக் குற்றவாளி ஆக்கும் முறை அப்போது உண்டு. சாலிஸ்பரி சீமாட்டி மார்கரெட் போல் என்பவர் மேல் அதே முறையைப் போன வருடம்தான் இவர் பாய்ச்சியிருந்தார். வழக்கு மன்றத்தில் வாதாடியே வளர்ந்த வக்கீலுக்கு வாய் திறக்கக்கூட ஒரு வாய்ப்புத் தரவில்லை. ஆனால் உடனே கொல்லவும் இல்லை, அவரிடம் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்க, மன்னர் தன்னிடம் அந்தரங்கமாகச் சொன்னதையெல்லாம் சிறையிலிருந்து அவர் எழுதித் தர வேண்டியிருந்தது. எழுதினார். அந்தக் கடிதத்தின் முடிவில் "கருணை, கருணை, கருணை" என்று மூன்று முறை கெஞ்சியிருக்கிறார். ஜூலை 9 கல்யாணம் ரத்தானது. ஜூலை 28 இவர் தலை போனது, அன்றைக்கே மன்னர் கேத்தரின் ஹாவர்டைக் கட்டிக்கொண்டார். அடுத்த வருடம் மன்னர், தனக்கு வாய்த்ததிலேயே மிக விசுவாசமான ஊழியனைப் பொய் சொல்லிக் கொல்ல வைத்துவிட்டார்கள் என்று அமைச்சர்களைத் திட்டியதாகப் பிரெஞ்சுத் தூதர் எழுதியிருக்கிறார்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு லண்டன் போகிறோம். அவரைப் பற்றி எதைப் பார்க்கலாம்?
அதே பீஷான் வாசகர்

லண்டன் டவருக்குள் இருக்கும் புனித பீட்டர் சிற்றாலயத்துக்குப் போங்கள், அவரைப் புதைத்தது அங்கேதான். அவர் வீழ்த்திய இருவர், மன்னரின் இரண்டாம் மனைவி ஆன் போலினும் முன்னாள் அமைச்சர் தாமஸ் மோரும், அதே தரைக்கு அடியில் இருக்கிறார்கள். வேலியைத் தள்ளிப் போட்ட வீடு இருந்த இடம் த்ரோக்மார்ட்டன் தெரு. மன்னர் பறிமுதல் செய்ததைத் துணி வியாபாரிகள் சங்கம் வாங்கியது, இன்றும் அவர்களுடைய டிரேப்பர்ஸ் மண்டபம் அங்கே நிற்கிறது. ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த அவருடைய பிரபலமான ஓவியத்துக்கு மட்டும் நீங்கள் நியூயார்க் போக வேண்டும். மேசையில் எழுதுகோல், புத்தகம், கடிதங்கள், கையில் மடித்த ஒரு தாள். அங்கே ஃப்ரிக் கலைக்கூடத்தில் கணப்புக்கு ஒரு பக்கம் இவர், மறுபக்கம் தாமஸ் மோர்.