வாசகர் கேள்வி – பதில்: டிராக் பந்தயக் கார்

கேள்வி: என்னிடம் பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய செடான் கார் ஒன்று உள்ளது. வார இறுதிகளில் நடக்கும் டிராக் (drag) பந்தயங்களுக்கு அதைத் தயார் செய்ய விரும்புகிறேன். சேர்த்து வைத்த பணத்தை முதலில் இன்ஜினில் போடும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: பின் டயரிலிருந்து தொடங்குங்கள், இன்ஜின் கடைசியில் வரட்டும். நின்ற நிலையிலிருந்து கிளம்பிக் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர் ஓடி முடிப்பதுதான் பந்தயம் என்பதால், முதல் 60 அடியில் இழந்த நேரத்தைப் பிறகு ஈடுகட்டுவது மிகக் கடினம். அங்கே பத்தில் ஒரு வினாடி மிச்சமானால், கூடுதலாகக் கிடைத்த அந்த வேகம் தடம் முழுவதும் உடன் வருவதால், முடிவுக்கோட்டில் அதைவிடக் கூடுதலான நேரம் மிச்சமாகும். சாதாரண டயரைத் தேய்த்துப் புகை கிளப்பும் 400 குதிரைத்திறன் காரை, தரையைக் கவ்விப் பிடித்துக் கிளம்பும் 300 குதிரைத்திறன் கார் முந்துவதை எந்தத் தடத்திலும் காணலாம்.

எனவே முதல் செலவு, பந்தயத்துக்கென்றே செய்யப்படும் டிராக் ரேடியல் அல்லது கோடுகள் இல்லாமல் வழவழப்பாக இருக்கும் ஸ்லிக் டயராக இருக்கட்டும். பக்கச்சுவர் மடிந்து கொடுக்கும் ஸ்லிக் டயரைப் பின்னால் போட்டுவிட்டு முன்னால் ரேடியல் டயரை வைத்துக்கொண்டால், முடிவுக்கோட்டை நெருங்கும் வேகத்தில் கார் பக்கவாட்டில் அலையக்கூடும். ஆகவே டயர் வகையை முன்னும் பின்னும் ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுங்கள். அடுத்தது பின் ஆக்சில். பிடிப்பு கூடியவுடன் இதுவரை டயர் சுழன்று தப்பித்த விசை முழுவதும் ஆக்சில் ஷாஃப்ட், டிஃபரென்ஷியல், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஆகியவற்றின் மீது விழும். இரண்டு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இல்லாவிட்டால், நல்ல டயர் வாங்கியதன் பயனில் பாதி போய்விடும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் முன்பகுதியைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் கட்டாயம் வேண்டும். முன் மூட்டு உடைந்தால் ஷாஃப்ட் தரையில் குத்திக் காரையே தூக்கிவிடாமல் தடுப்பது அந்த வளையம்தான்.

பாதுகாப்புச் சாதனங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். இந்த விளையாட்டின் விதிகளில் பெரும்பகுதி 1951-இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் என்.எச்.ஆர்.ஏ. (நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன்) அமைப்பின் விதிநூலை ஒட்டியே அமைந்தவை. அதன்படி கால் மைலை 13.99 வினாடியில் அல்லது அதைவிட விரைவாகக் கடக்கும் காரின் ஓட்டுநர் சான்று பெற்ற ஹெல்மெட் அணிய வேண்டும், 11.49 வினாடியை எட்டினால் ரோல் பார் (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய்ச் சட்டம்) தேவை, 9.99 வினாடிக்குள் இறங்கினால் ஓட்டுநரைச் சுற்றி அமையும் குழாய்க் கூடான முழு ரோல் கேஜும், சோதித்துச் சான்றளிக்கப்பட்ட சேசிஸும் (அடிச்சட்டமும்), ஓட்டுநருக்குத் தனி உரிமமும் தேவை. மாற்றம் செய்யப்படாத அண்மைக்காலத் தொழிற்சாலைக் கார்களுக்குச் சில தளர்வுகள் உண்டு என்றாலும் உங்கள் பழைய செடானுக்கு அவை பொருந்தா. எந்த நேரத்தை எட்ட விரும்புகிறீர்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்துகொண்டால், ஒரே வேலையை இரண்டு முறை செய்யும் செலவு மிச்சமாகும்.

கிளட்ச் உள்ள கார் என்றால் இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான தட்டான ஃப்ளைவீலைச் சுற்றி எஃகுக் கவசம் போடுவதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. 1970-இல் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் தடத்தில் புகழ்பெற்ற ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் டிராக்ஸ்டர் எனப்படும் நீண்ட பந்தயக் காரில் டிரான்ஸ்மிஷன் வெடித்துச் சிதறியது. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டானது. அதன் பிறகு அவர் ஓட்டுநருக்குப் பின்னால் இன்ஜினை வைத்துக் கட்டிய கார் 1971-இல் வெற்றி பெற்று, அந்த வகைக் கார்களின் வடிவமைப்பையே மாற்றியது. உங்கள் செடானில் இன்ஜின் முன்னால்தான் இருக்கும்; சுழலும் பாகங்கள் உங்கள் பாதங்களுக்கு மிக அருகிலேயே இருக்கும்.

கேள்வி: என் கார் கால் மைல் முடிவில் மணிக்கு 170 கிலோமீட்டரைத் தொடுகிறது, ஆனால் நேரம் 14.2 வினாடிக்குக் கீழே வரவில்லை. இன்ஜின் சக்தி போதவில்லையா?

பதில்: சக்தி போதுமானது. முடிவு வேகம் இன்ஜினின் சக்தியையும் எடையையும் காட்டும். மொத்த நேரம் கிளம்பிய விதத்தைக் காட்டும். 170 கிலோமீட்டரை எட்டும் கார், ஒழுங்காகக் கிளம்பினால், 13 வினாடியை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ ஓட வேண்டும். ஓட்டம் முடிந்ததும் தடத்தில் தரும் நேரச் சீட்டில் அச்சிடப்பட்டுள்ள 60 அடி நேரத்தைப் பாருங்கள். இழப்பு அங்கேதான் இருக்கும். டயர் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு மாற்றம் மட்டும் செய்து, சீட்டின் பின்புறம் அதைக் குறித்து வையுங்கள். ஒரே நேரத்தில் அழுத்தத்தையும் ஷாக் அப்சார்பரையும் கிளம்பும் ஆர்.பி.எம். அளவையும் மாற்றுகிறவருக்கு எது பலன் தந்தது என்பது தெரியாமலே போகும். ஆட்டோமேட்டிக் கார் என்றால், கிளட்சுக்குப் பதிலாக இன்ஜினின் விசையைக் கியர் பெட்டிக்குக் கடத்தும், தொழிற்சாலையில் பொருத்திய டார்க் கன்வெர்ட்டர் இன்ஜின் வலுப்பெறும் ஆர்.பி.எம். அளவுக்கு முன்பே இறுகிவிடுகிறதா என்றும் சோதியுங்கள். பள்ளக் கோடுகள் உள்ள தெரு டயருடன் ஓடுகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் டயரைச் சூடேற்றத் தேய்க்கும் இடத்தில் உள்ள தண்ணீரைச் சுற்றிச் செல்லுங்கள். கோடுகளில் தங்கும் நீர் கிளம்பும் இடம் வரை வந்து, உங்களுக்கும் உங்களுக்குப் பின் வருபவருக்கும் பிடிப்பைக் கெடுத்துவிடும்.

கேள்வி: எடையைப் பின்னுக்குக் கொண்டுவர பேட்டரியை டிக்கிக்கு மாற்றினேன். வெளியே அணைப்பு சுவிட்ச் வைத்திருந்தும் பரிசோதகர் காரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன்?

பதில்: சுவிட்சைத் தள்ளிய பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்திருக்கும். பேட்டரியை மட்டும் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் தன் மின்சாரத்தாலேயே இக்னிஷனையும் பெட்ரோல் பம்ப்பையும் இயக்கிக்கொண்டிருக்கும்; விபத்தில் சிக்கிய காரை வெளியிலிருந்து நிறுத்த ஓடிவரும் மீட்புக் குழுவினருக்கு அந்த சுவிட்சால் எந்தப் பயனும் இராது. ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் மின்சாரமும் சேர்ந்து நிற்கும்படி கம்பி இணைப்பை மாற்றுங்கள். சுவிட்ச் காரின் பின்புறத்தில், வெளியே, அணைக்கும் திசை தெளிவாக எழுதப்பட்டு இருக்க வேண்டும். பேட்டரியைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டாமல், 3/8 அங்குல போல்ட்டுகள் இரண்டைக் கொண்டு காரின் உடலோடு இறுக்குங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு சுவிட்சைத் தள்ளிப் பாருங்கள். உடனே நின்றால் மறுபரிசோதனைக்கு எடுத்துச் செல்லலாம்.