எடை குறைத்த பிறகும் டயட்டீஷியனிடம் தொடர்ந்து போக வேண்டுமா?

பன்னிரண்டு கிலோ குறைத்தாகிவிட்டது, இனியும் டயட்டீஷியனுக்கு மாதாமாதம் பணம் கொடுப்பது வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். 2016-ல் நானும் இதே கணக்குதான் போட்டேன்.

அப்போது என் எடை 92. ஈரோட்டில் ஒரு ஸ்லிம்மிங் சென்டரில் பேக்கேஜ் போட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் பவுடரைக் கரைத்துக் குடித்து, ஐந்தே மாதத்தில் 78-க்கு வந்தேன். சட்டைகளை டெய்லரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னதில் தனிப் பெருமை வேறு. பேக்கேஜ் முடிந்த அன்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் அவர்களும் கூப்பிடவில்லை, நானும் அந்தப் பக்கம் போகவில்லை. 2018 தீபாவளிக்குள் 94. போன 14 கிலோவும் இரண்டு கிலோ வட்டியோடு வந்து சேர்ந்தது. நாக்கைக் கட்டத் தெரியாதவன் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

நாக்கு மட்டும் காரணமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற டிவி போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. சும்மா படுத்திருக்கும்போது உடல் எரிக்கும் கலோரி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிடத் தினமும் 500 அளவுக்குக் குறைவாகவே இருந்தது. அதாவது ஒரு வேளைச் சாப்பாடு. பசியும் சேர்ந்துகொள்கிறது: எடை குறைத்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஒரு வருடம் ஆகியும் பழைய நிலைக்கு வரவில்லை என்று மெல்போர்னில் நடந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. கலோரிச் செலவு குறைந்து பசி கூடிய உடம்பை வைத்துக்கொண்டு, இனி நானே பார்த்துக்கொள்வேன் என்று கிளம்பினால் எப்படி?

2019 தொடக்கத்தில் ஒரு டயட்டீஷியனிடம் போனேன். என்ன சாப்பிடுகிறேன் என்று நோட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதை அவர் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "மூணு மாச மளிகை பில்லைக் கொண்டு வாங்க சார்" என்றார். நோட்டில் எல்லோரும் கொஞ்சம் பொய் எழுதுவார்களாம், பில்லில் எழுத முடியாதாம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய். பிரித்துப் பார்த்தால் ஆளுக்குத் தினம் 40 மில்லிக்கு மேல், 300 கலோரியைத் தாண்டுகிறது. நானோ இரண்டு வருடமாகச் சோற்றைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை மனைவியும் கூட வந்தார். சோற்றில் கொஞ்சம் குறைத்துப் பயறும் சுண்டலும் முட்டையும் கூட்டினோம். தினம் நடை, வாரம் மூன்று நாள் டம்பெல். பதினான்கு மாதத்தில் 76. பவுடரோடு ஒப்பிட்டால் ஆமை வேகம்.

உங்கள் கேள்விக்கான விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 76-ஐத் தொட்டதும் அவர் வாழ்த்துச் சொல்லவில்லை. "இனிமேதான் வேலை" என்றார். மாதம் ஒரு முறை என்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆனது, ஆனால் நிறுத்தவில்லை. ஞாயிறு காலை எடை பார்த்து அனுப்ப வேண்டும். 79-ஐத் தாண்டினால், என்ன காரணமாக இருந்தாலும், அந்த வாரமே போன் செய்ய வேண்டும். பத்து கிலோ ஏறிய பிறகு போகிறவனுக்கும் மூன்று கிலோவில் போகிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு விதமாகவும் இருந்து பார்த்தவன் நான்.

2022-ல் அப்பா இறந்தார். காரியம் முடியும்வரை வீடு நிறையச் சொந்தக்காரர்கள், வேளாவேளைக்குப் பலகாரம், தூக்கமில்லை. எடை பார்க்கவே பயம், அவருக்கு அனுப்பவும் வெட்கம். மூன்று ஞாயிறு விட்டுப்போனதும் அவரே கூப்பிட்டார். எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தூங்கறீங்களா சார்?" என்றுதான் கேட்டார். அடுத்த வாரம் போய் நின்றேன், 81 காட்டியது. திரும்ப 78-க்கு வர நாலு மாதம் ஆனது. அந்த போன் வராமல் இருந்திருந்தால் 94-தான், எனக்குச் சந்தேகமே இல்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் சர்க்கரை நோயுள்ள 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 'லுக் அஹெட்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. தொடர்ந்து தீவிர ஆலோசனை பெற்ற குழுவில் எட்டு வருடம் கழித்தும் பாதிப் பேர் தொடக்க எடையில் ஐந்து சதவீதமாவது குறைந்தே இருந்தார்கள். மற்ற குழுவில் அது 36 சதவீதம். பாதிதானா என்று தோன்றலாம். தனியாகப் போய்த் தோற்றவனுக்கு அது நல்ல கணக்காகத்தான் படுகிறது.

இப்போது ஊசி போட்டுக் குறைப்பவர்களுக்கும் இதே கதைதான். அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாகுளூடைட் பற்றிய ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களுக்கு, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பிவிட்டது. நிறுத்துவதென்றால் டாக்டரிடம் பேசிவிட்டு நிறுத்துங்கள்.

பணம்தான் பிரச்சினை என்றால் போகும் தடவையைக் குறையுங்கள், ஆளை விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று கேட்டுப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உணவு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். புதிதாக ஒருவரைப் பார்ப்பதென்றால், இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வு எழுதிய ஆர்.டி. (ரிஜிஸ்டர்ட் டயட்டீஷியன்) பதிவு உள்ளவரா என்று கேளுங்கள். பவுடர் டப்பா விற்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் எண்ணெய் இப்போது மாதம் இரண்டரை லிட்டர். அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிடச் சொல்லி அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அது மட்டும் என்னால் முடியவில்லை.